ராப் ராய் படகும் முதல் கனூ கிளப்பும்
லண்டன், 1866–1873

1865-இல் வழக்கறிஞர் ஜான் மேக்ரெகர் தன்னந்தனியாகக் கனூ எனும் ஒடுங்கிய படகில் துடுப்பு வலித்து ஐரோப்பிய நதிகளையும் ஏரிகளையும் சுற்றினார். நீர்வழி இல்லாத இடங்களில் படகை மாட்டுவண்டியிலும் ரயிலிலும் ஏற்றிக்கொண்டார். மறு ஆண்டு வெளிவந்த அவரது பயண நூலைப் பலரும் விரும்பிப் படித்தனர். அதே போன்ற படகுகளைச் செய்யச் சொல்லி வாங்கினர்.

அந்தப் படகின் பெயர் ‘ராப் ராய்’. நீளம் 15 அடி, அகலம் 28 அங்குலம், எடை சுமார் 36 கிலோ. ஓக் மரப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று விளிம்பு படியும்படி அடித்திருந்தார்கள். மேல்தளம் செடார் மரம். காற்று வீசினால் விரிக்கச் சிறு பாயும் உண்டு.

துடுப்பின் நீளம் 7 அடி. இரு முனைகளிலும் அலகு. வழக்கமான பந்தயப் படகில் வலிப்பவர் போகும் திசைக்கு முதுகு காட்டி அமர்வார். இதிலோ முன்னோக்கிய இருக்கை. எதிரே வரும் பாறையும் சுழலும் நேராகக் கண்ணில் படும்.

1866-இல் ரிச்மண்டில் மேக்ரெகரும் நண்பர்களும் ‘கனூ கிளப்’பைத் தொடங்கினர். 1867 ஏப்ரலில் தேம்ஸ் நதியில் அதன் முதல் பந்தயம் நடந்தது. அதே ஆண்டு இளவரசர் எட்வர்ட் கிளப்பின் தலைமைப் பதவியை ஏற்றார்.

தொடக்கப் பெயர் ஏழே ஆண்டுகள்தான் நிலைத்தது. 1873-இல் விக்டோரியா அரசியின் ஆணைப்படி அது ‘ராயல் கனூ கிளப்’ ஆயிற்று. இன்றும் டெடிங்டனில் இயங்குகிறது.