மென்பொருளில் குறை கண்டால் தெரிவிப்பது எவ்வாறு?

திருமலையில் தரிசனத்திற்கு முன்பதிவு செய்வோரும், ரேணிகுண்டா வழியே செல்லும் ரயில்களில் இடம் பெறுவோரும், நிலத்தின் அடங்கல் நகல் வேண்டுவோரும் இன்று பெரும்பாலும் கணிப்பொறியின் வாயிலாகவே தம் காரியங்களை முடித்துக்கொள்கின்றனர். இதன் பயனாக, சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் வாழும் சாதாரணக் குடியானவரின் பெயர், வயது, தொலைபேசி எண் முதலிய விவரங்கள் அவர் ஒருபோதும் கண்டிராத இயந்திரங்களில் சேமிக்கப்பட்டுள்ளன. இவ்வியந்திரங்களை இயக்கும் கட்டளைத் தொகுதிக்கே மென்பொருள் என்று பெயர். அது மனிதரால் எழுதப்படுவதாகையால் அதில் பிழை நேர்வது இயல்பே. அப்பிழையின் வழியே அந்நியர் உட்புகக் கூடுமாயின், அதனைப் பாதுகாப்புக் குறைபாடு என்கிறோம். இத்தகைய குறைபாடு ஒரு களப்பணியாளரின் கண்ணிலோ, பள்ளி மாணவரின் கண்ணிலோ படுமானால், செய்யத்தக்கது யாது, தகாதது யாது என்பதை இங்கு விளக்குவோம்.

ஏரிக்கரையும் மென்பொருளும்

ஏரிக்கரையில் கசிவைக் காண்பவர் உரத்துக் கூவி ஊரைக் கூட்டுகிறார். அதுவே முறை. நீருக்குக் காது கிடையாது. கூச்சலைக் கேட்டு அது விரைந்து பாய்வதில்லை. மென்பொருளின் நிலை வேறு. குறைபாட்டைச் சந்தையில் கூவினால், கேட்போருள் திருடனும் ஒருவனாக இருப்பான். பழுதைச் சரிசெய்ய உரிமையாளருக்குச் சில நாள்களேனும் தேவைப்படும். திருடனுக்கோ சில நிமிடங்கள் போதும். ஆகவே, பழுதைச் சரிசெய்ய வல்லவருக்கு முதலில் இரகசியமாக அறிவித்து, அது சரியான பின்னரே பிறருக்கு வெளியிடுதல் என்னும் வழக்கத்தை உலகெங்கும் நிபுணர்கள் மேற்கொண்டுள்ளனர். இதனைப் பொறுப்புடன் அறிவித்தல் என்று கூறலாம்.

ரயில் சீட்டில் கண்ட குறை

2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில், சென்னையைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர், ஐ.ஆர்.சி.டி.சி. நிறுவனத்தின் இணையதளத்தில் ரயிலுக்குப் பதிவு செய்ய முற்பட்டபோது ஒரு குறையைக் கண்டார். பயணச்சீட்டிற்குரிய எண்ணை மாற்றியமைத்தால், முன்பின் அறியாத வேறு பிரயாணியின் விவரங்கள் புலப்பட்டன. அவருடைய சீட்டை ரத்து செய்யவும் கூடிய நிலை இருந்தது.

இக்குறையின் தன்மையை ஓர் உவமையால் விளக்கலாம். ஓர் அலுவலகத்தின் வாயிற்காவலர், வருபவரிடம் அனுமதிச் சீட்டு உள்ளதா என்று பார்த்து உள்ளே விடுகிறார். உள்ளிருக்கும் குமாஸ்தாவோ, வந்தவர் எந்தக் கோப்பின் எண்ணைச் சொன்னாலும், அது அவருடைய கோப்புதானா என்று வினவாமல் எடுத்துக் கொடுத்துவிடுகிறார். பூட்டும் காவலும் இருந்தும், உரிமையைச் சரிபார்க்கும் ஒரு கேள்வி விடுபட்டுப் போயிற்று.

அம்மாணவர் இச்செய்தியைப் பரப்பவில்லை. செர்ட்-இன் எனப்படும் இந்தியக் கணிப்பொறி அவசரகால நடவடிக்கைக் குழுவிற்கு அறிவித்தார். சில தினங்களுக்குள் குறை நீக்கப்பட்டது. அதன் பின்னரே செய்தித்தாள்கள் இதனை வெளியிட்டன.

அறிக்கையின் தெளிவு

தமிழகத்தின் மற்றொரு நிகழ்ச்சியும் அறியத்தக்கது. 2019-ஆம் ஆண்டு சென்னையைச் சேர்ந்த லக்ஷ்மண் முத்தையா என்னும் ஆராய்ச்சியாளர், இன்ஸ்டாகிராமில் கடவுச்சொல்லை மறந்தவருக்கு அனுப்பப்படும் ஆறு இலக்க எண்ணை ஆராய்ந்தார். ஆறு இலக்கங்களில் 10 லட்சம் எண்களே அமையக்கூடும்; அனுப்பப்படும் எண் 10 நிமிடம் செல்லும். ஒரே இடத்திலிருந்து மேன்மேலும் முயல்வோரை அந்நிறுவனம் தடுத்து வந்தது. அவர் 1,000 இணைய முகவரிகளிலிருந்து ஏககாலத்தில் 2 லட்சம் எண்களை அனுப்பிப் பார்த்தபோது, தடை செயற்படவில்லை. இக்கணக்குப்படி 5,000 முகவரிகள் இருந்தால் 10 லட்சம் எண்களையும் முயன்று, பிறர் கணக்கைக் கைப்பற்றிவிடலாம். அதற்கு ஆகும் செலவு சுமார் 150 டாலர்தான் என்று அவர் கணித்தார்.

அவரது முதல் அறிக்கையில் விவரம் போதாமையால், நிறுவனத்தின் பொறியாளர்களால் அதனை மீண்டும் செய்துபார்க்க இயலவில்லை. அவர் சோர்வடையாமல் மேலும் கடிதங்களும், செய்முறையைக் காட்டும் காணொளியும் அனுப்பினார். அதன் பின்னர் நிறுவனம் குறையை ஒப்புக்கொண்டு சரிசெய்து, 30,000 டாலர் வெகுமதியும் அளித்தது. குறையைக் காண்பது பாதி வேலையே. பிறர் அதனைக் காணுமாறு எழுதுவது மறுபாதி என்பது இதனால் விளங்கும்.

சட்டத்தின் எல்லை

நல்லெண்ணம் மட்டும் அனுமதியாகிவிடாது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 43-ஆம் பிரிவின்படி, உரிமையாளரின் அனுமதியின்றிப் பிறர் கணிப்பொறியுள் நுழைவோர் நஷ்டஈடு செலுத்த நேரிடும். அதனையே நேர்மையற்ற நோக்கத்துடனோ வஞ்சகமாகவோ செய்தால், 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சில நிறுவனங்கள் தம் மென்பொருளைச் சோதிக்க அனுமதித்து, அதன் எல்லைகளை எழுத்து மூலம் அறிவித்துள்ளன. அத்தகைய அறிவிப்பு இல்லாவிடத்துச் சோதனையில் இறங்குதல் ஆபத்தானது. தற்செயலாகக் குறை புலப்பட்டால் அவ்விடத்திலேயே நின்றுவிட வேண்டும். மெய்தானா என்றறியப் பத்துப் பேருடைய விவரங்களைத் திறந்து பார்ப்பதும், நகல் எடுத்து வைத்துக்கொள்வதும், எதையேனும் மாற்றுவதும், பணம் தந்தால்தான் சொல்வேன் என்பதும் குற்றத்தின் பாதையாகும்.

அறிவிக்கும் முறை

அறிக்கையில் மென்பொருள் அல்லது இணையதளத்தின் பெயர், குறை கண்ட நாள், நேரம், செய்த செயல்கள் வரிசைக்கிரமமாக, அதனால் விளையக்கூடிய தீங்கு ஆகியவை இடம்பெற வேண்டும். திரையின் படம் இணைத்தால் பிறருடைய பெயரையும் எண்ணையும் மறைத்தல் அவசியம். இதனை உரிய நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவிற்கு அனுப்ப வேண்டும். பதில் வராவிடில் நினைவூட்டி, அதன் பின்னும் பயனில்லையெனில், அல்லது யாருக்கு அனுப்புவதென்றே தெரியாவிடில், 2004 முதல் இயங்கிவரும் செர்ட்-இன்னை அணுகலாம். மின்சாரம், வங்கி, போக்குவரத்து போன்ற முக்கிய அமைப்புகளைக் காக்க 2014-இல் நிறுவப்பெற்ற தேசிய மையமும் இத்தகைய அறிக்கைகளைப் பெறுகிறது.

இரகசியம் காப்பதற்கும் ஒரு காலவரம்பு உண்டு. குறையை அறிந்தும் நிறுவனம் வாளாவிருந்தால் பொதுமக்களே நஷ்டமடைவர். கூகுள் நிறுவனத்தின் ஆய்வுக்குழு ஒன்று, பிற நிறுவனங்களுக்குப் பொதுவாக 90 நாள் தவணை அளிக்கிறது. தவணை கடந்தால் விவரம் வெளியிடப்படும் என்ற அறிவிப்பே பல நிறுவனங்களைச் சுறுசுறுப்படையச் செய்கிறது. எனினும், தனிமனிதர் தாமே வெளியிடத் துணியாமல், அம்முடிவைச் செர்ட்-இன்னைக் கலந்து மேற்கொள்வதே நலம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. பிறருடைய மதிப்பெண் பட்டியல் தன் திரையில் தெரிகிறது என்று ஒரு மாணவர் வந்து கூறினால், அவரைக் குற்றவாளிபோல் அதட்டலாகாது. அதட்டப்பட்டவர் அடுத்த முறை தம் தோழர்களிடமே கூறுவார். அன்று மாலைக்குள் அது ஊர் முழுதும் பரவிவிடும். அவர் கண்டதை அங்கேயே நிறுத்தச் செய்து, நாளும் நேரமும் குறித்து, உடனிருந்து அறிக்கை எழுத உதவுக. கையெழுத்தை மாணவர் இடட்டும். அனுப்பும் பொறுப்பை ஆசிரியர் ஏற்றுக்கொள்வாராக.