குழாய்க்குள் மின்நிலையம்: கணினி காட்டும் முன்னோட்டம்

மலைச்சரிவில் இறங்கி வரும் குடிநீர்க் குழாயில், இறங்க இறங்க அழுத்தம் கூடும். வீட்டுக் குழாய்கள் வெடித்துவிடாதபடி வழியில் அழுத்தக் குறைப்பு வால்வுகள் பொருத்துவது வழக்கம். அவை வீணாக்கும் ஆற்றலைச் சிறு டர்பைன் வைத்து மின்சாரமாக்கலாம். விநாடிக்கு 100 லிட்டர் நீர், 50 மீட்டர் உயரத்துக்குச் சமமான அழுத்தத்தைக் கைவிடும் இடத்தில், மொத்தத் திறன் 75 சதவீதமானால் சுமார் 37 கிலோவாட் கிடைக்கும்.

ஆனால் ஊரின் நீர்ச்செலவு நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. அதனால்தான் மணிக்கு மணி நிலவரம் காட்டும் மென்பொருள் தேவைப்படுகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1993இல் வெளியிட்ட ஈபாநெட் இதற்கு உலகெங்கும் பயன்படுகிறது, இலவசமாகவும் கிடைக்கிறது. அதில் தொட்டி, குழாய், பம்பு, வால்வு எல்லாம் உண்டு. டர்பைன் மட்டும் இல்லை. பம்பையே திருப்பி வைக்கவும் வழியில்லை, பம்பில் நீர் எதிர்த்திசையில் ஓட நிரல் விடாது. எனவே பொதுப்பயன் வால்வு ஒன்றை டர்பைனாகப் பாவிக்கிறார்கள். எவ்வளவு நீர் ஓடினால் எவ்வளவு அழுத்தம் குறையும் என்ற வளைகோட்டை அதற்குக் கொடுத்தால் போதும். மின் உற்பத்தியை மட்டும் தனியே கணக்கிட வேண்டும்.

கிடைக்கப்போகும் யூனிட்டுகளை மட்டும் எண்ணிப் பார்ப்பது இங்கே பெரும் தவறு. ஓர் உதாரணம்: நள்ளிரவில் ஓட்டம் 30 லிட்டராகக் குறைகிறது. டர்பைன் அப்போது 12 மீட்டர் அழுத்தத்தையே உறிஞ்சுகிறது என்றால், மீதி 38 மீட்டர் அப்படியே ஊருக்குள் பாயும். அதைத் தடுக்க டர்பைனுக்குப் பின்னால் ஓர் அழுத்தக் குறைப்பு வால்வு வேண்டும். காலை நேர நெரிசலிலோ டர்பைன் அளவுக்கு மீறி அழுத்தத்தை விழுங்கி, மேட்டுத் தெருக்களில் தண்ணீர் ஏறாமல் செய்துவிடும். உபரி நீர் போகப் பக்கவழிக் குழாய் ஒன்றும் வேண்டும். இவை இரண்டும் இல்லாத கணினி மாதிரி, குடிநீர் வாங்குபவரை மறந்த மாதிரி.

மின்தடையின்போது நடப்பதை ஈபாநெட் காட்டாது. அது ஒவ்வொரு கட்டத்திலும் ஓட்டம் சீராக இருப்பதாகவே கொள்கிறது. மின்சுமை போனதும் டர்பைன் சில விநாடிகளில் கட்டுமீறிச் சுழலும். பம்பையே டர்பைனாக ஓட்டும் இடங்களில், அந்த வேகமே நீரோட்டத்தை நெரிக்கக்கூடும். எஃகுக் குழாயில் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போகும் நீர் திடீரென நின்றால், அழுத்தம் சுமார் 100 மீட்டர் எகிறும். இந்த நீர்அதிர்வைக் கணிக்கத் தனி மென்பொருள்கள் உண்டு. சுழலும் பாகங்களின் நிலைமம், கட்டுமீறிய வேகத்தில் டர்பைன் நடந்துகொள்ளும் விதம் ஆகியவற்றை அவற்றில் கொடுத்துத்தான், வால்வை எத்தனை விநாடியில் மூடலாம், பக்கவழி எவ்வளவு விரைவாகத் திறக்க வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள்.