டைல்ஸுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

அமெரிக்க வீடுகளின் குளியலறையில் சில சமயம் விரலால் அழுத்தினாலே டைல்ஸ் உள்ளே அமுங்கும். மேலே பளபளப்பு குறைந்திருக்காது. பின்னால் இருக்கும் பலகைதான் ஊறிப்போயிருக்கும்.

ஏன்? அங்கே மரச்சட்டங்களின் மேல் அடிப்பது பெரும்பாலும் ஜிப்சம் பலகை. 1894இல் அகஸ்டின் சாக்கெட் காப்புரிமை பெற்ற பலகையின் வாரிசு. ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, படிகத்துக்குள் பூட்டிக்கிடக்கும் நீர். தீப்பிடித்தால் அது ஆவியாகிச் சுவரைக் கொஞ்ச நேரம் காக்கும்; அருமையான குணம். ஆனால் வெளியிலிருந்து நீர் வந்தால் கதை வேறு. ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 2 கிராம் ஜிப்சம் கரைந்துவிடும். இருபுறமும் ஒட்டிய காகிதமோ பூஞ்சைக்குத் தீனி.

டைல்ஸைத் தாண்டித் தண்ணீர் எப்படிப் போகும்? இடுக்குகளை அடைக்கும் சிமென்ட் கலவையில் உள்ள நுண்துளைகள் வழியாகத்தான்.

மெழுகு கலந்த பச்சை நிற ஜிப்சம் பலகை வாஷ்பேசின் பக்கத்துச் சுவருக்குப் போதும். ஷவருக்கு அடியில் சிமென்ட் பலகைதான் சரி. அதன் துண்டு ஒன்றை இரவு முழுக்க வாளியில் ஊறவையுங்கள்: எடை கூடியிருக்கும், ஆனால் உப்பாது, மட்காது.

எடை கூடுவதைக் கவனிக்க வேண்டும். சிமென்ட் பலகை நீரால் கெடுவதில்லை, அவ்வளவே, நீரைத் தடுப்பதில்லை. அதனால் பலகையின் மேல் நீர்த்தடுப்புப் பூச்சோ, பின்னால் தடுப்புத் தாளோ இல்லாவிட்டால் மரச்சட்டம் அழுகும். பலகைகள் சேரும் இடத்தில் ஒட்டும் கண்ணாடி இழை நாடாவும் காரம் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடி இழையை சிமென்டின் காரமே அரித்துவிடும்.