ஏலக்காட்டு அழுகலும் தாமிர நுண்துகளும்

கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியுமுன் ஜீப் வண்டிகளில் மலையேறி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் உழைத்துத் திரும்பும் தமிழர் பலர். தலைமுறைகளாக அங்கேயே குடியிருப்போரும் உளர். அவர்களுக்கு 'அழுகல்' என்னும் சொல்லை விளக்க வேண்டுவதில்லை. தென்மேற்குப் பருவமழை வலுத்ததும் ஏலக்காய் நீர்கோத்து, நிறம் மாறி, அழுகி உதிர்கின்றது. தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான இச்சொல்லையே ஆங்கில விஞ்ஞானக் கட்டுரைகளும் நோயின் பெயராக ஆளுகின்றன. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இஃது ஒரு சிறு மகிழ்ச்சி.

நோய்க்குக் காரணம் பைட்டோப்தோரா என்னும், பூஞ்சையை ஒத்த நுண்ணுயிர். அதன் வித்துகள் நீரில் நீந்தவல்லவை. ஆதலின் நனைந்த இலையும் காயுமே அவற்றுக்குப் பாதை. பாலக்காட்டுத் தென்னைகளில் குருத்தழுகலை விளைவிப்பதும் இவ்வினமே.

மருந்தோ பழையது. 1882ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டின் போர்தோ வட்டாரத்தில், வழிப்போக்கர் திராட்சையைப் பறிக்காதிருக்கும் பொருட்டுச் சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்திருந்தனர். அக்கொடிகள் நோய்க்குத் தப்பியதைத் தாவரவியல் பேராசிரியர் மில்லார்தே கண்டார். ஆராய்ந்து 1885இல் வெளியிட்டார். திருடனுக்கு வைத்தது நோய்க்கு மருந்தாயிற்று!

ஒரு கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் நீரிலும், ஒரு கிலோ சுண்ணாம்பை வேறு 50 லிட்டரிலும் கரைத்து, துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்குதல் வேண்டும். மண், மரம், பிளாஸ்டிக் கலங்களே ஏற்றவை. தீட்டிய கத்தியை அதில் தோய்த்தெடுத்தால் செம்புநிறம் படியலாகாது. படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இலை கருகும் என்பது பொருள். மழைக்கு முன்பே, கலந்த அன்றே, தெளித்துவிட வேண்டும்.

இலையில் படிந்த நீலத் துகள்களிலிருந்து ஈரம் பட்டபோதெல்லாம் தாமிர அயனிகள் கசிந்து, நுண்ணுயிரின் புரதங்களைக் கெடுக்கின்றன. துகள் சிறுத்தால் மேற்பரப்புப் பெருகும். ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் கனங்களாகத் துணித்தால் 600 சதுர மீட்டர்! நானோமீட்டர் என்பது மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு. இதனாலேயே தாமிர ஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு ஆகியவற்றின் நானோதுகள்களை ஆய்வாளர் நாடுகின்றனர். இவை அயனிகளை விடுவதுடன், வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளைத் தோற்றுவித்தும் கிருமியின் உறையைச் சிதைக்கின்றன.

ஆயினும் ஆய்வுக்கூடத்துத் தட்டு வேறு, அடைமழை பெய்யும் மலைச்சரிவு வேறு. தாமிரம் மக்கி மறைவதன்று; ஆண்டாண்டாகத் தெளித்த நிலத்தில் சேர்ந்துகொண்டே போகும், நீரிற் கலந்தால் மீன்களுக்கும் கேடு. நுண்பொடியோ, சுவாசித்தால் நுரையீரலின் ஆழம்வரை செல்லவல்லது. புதுமருந்தின் ஆற்றலைப் பேசுவோர் அதைத் தெளிப்பவரின் மூச்சையும் பேசுதல் முறை என்பது நம் கருத்து.

ஊரிலுள்ள உறவினர்க்குக் கடிதம் எழுதுவோர் இவற்றையும் எழுதுக: மருந்து கலக்கும்போது மூக்கையும் வாயையும் மூடும் கவசமும் கையுறையும் வேண்டும். அன்று உடுத்த துணியைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்கலாகாது. தெளிப்பானை ஓடையில் அலசவும் கூடாது. அவ்வோடை நீரைத்தான் கீழேயுள்ள லயத்தார் குடத்தில் மொள்ளுகின்றனர்.