எடைகுறைப்பு அறுவைக்குப் பின் வேலைக்குத் திரும்புதல்

எடைகுறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில் நோயாளிகளும் குடும்பத்தினரும் பெரும்பாலும் கேட்கும் கேள்வி, "இனி எப்போது வேலைக்குப் போகலாம்?" என்பதே. தூத்துக்குடியைப் பொறுத்தவரை இக்கேள்விக்கு ஒரே விடை இல்லை. கப்பல் முகவர் அலுவலகத்தில் கணினி முன் அமர்ந்திருப்பவருக்கும், உப்பளத்தில் வெயிலில் நின்று உப்பு வாருபவருக்கும், துறைமுகத்தில் சரக்கைக் கையாள்பவருக்கும், விசைப்படகில் வலை இழுப்பவருக்கும் ஒரே நாளைக் குறித்துக் கொடுக்க இயலாது. ஆயினும் அந்நாளை எவ்வாறு கணக்கிடுவது என்பதை எல்லோரும் அறிந்துகொள்ளலாம்.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21), தமிழ்நாட்டுப் பெண்களில் ஏறத்தாழப் பத்துப் பேரில் நால்வர் அதிக எடையோ உடற்பருமனோ உடையவர்கள் எனக் காட்டுகிறது. இவர்களில் மிகச் சிலருக்கே அறுவை தேவைப்படும். ஆனால் தேவைப்படுவோரில் பலர் குடும்பத்தின் வருமானத்தைத் தோளில் சுமப்பவர்கள். "ஒரு மாதம் வீட்டில் இருந்தால் அடுப்பு எப்படி எரியும்?" என்ற கவலையே அவர்களை உரிய காலத்துக்கு முன்பாக வேலைக்குத் துரத்துகிறது. இக்கட்டுரை அவர்களுக்காகவும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்காகவும் எழுதப்படுகிறது.

வெளியே சிறு தழும்பு, உள்ளே நீண்ட தையல்

இன்று பரவலாகச் செய்யப்படுபவை இரு முறைகள். ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேற்பட்ட பகுதி அகற்றப்பட்டு, வாழைப்பழம் போன்ற ஒரு குழாய் மட்டும் எஞ்சுகிறது. பைபாஸ் முறையில் இரைப்பையின் மேற்பகுதி ஒரு சிறு பையாகப் பிரிக்கப்பட்டுச் சிறுகுடலோடு நேரடியாக இணைக்கப்படுகிறது. இரண்டுமே பெரும்பாலும் லேப்ராஸ்கோப் வழியாகச் சில சிறு துளைகள் மூலமே நடைபெறுகின்றன.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். வயிற்றின் மேல் உள்ள துளைகள் சிறியவை. பத்து நாள்களில் ஆறிவிட்டது போலத் தோன்றும். ஆனால் உள்ளே இரைப்பை நெடுகத் தையல் ஓடுகிறது. அது உறுதிப்படுவதற்குப் பல வாரங்கள் ஆகும். துளையிட்ட இடங்களில் வயிற்றுத் தசை வலுப்பெறும் முன் பளு தூக்கினால், அவ்வழியே குடல் பிதுங்கிக் குடலிறக்கம் உண்டாகலாம். எனவே வலி இல்லை என்பதை மட்டும் அளவுகோலாகக் கொள்ளக் கூடாது.

மேலும், முதல் சில வாரங்களில் ஒரு நாள் முழுவதும் உட்கொள்ளும் உணவு, முன்பு ஒரே வேளையில் உண்டதைவிடக் குறைவு. உடல் தன் சேமிப்பைக் கரைத்தே இயங்குகிறது. ஆகையால் காலையில் தெம்பாக இருப்பவர் நண்பகலுக்குள் சோர்ந்துவிடுவது இயல்பே. இது சோம்பல் அன்று என்பதை வீட்டார் உணர வேண்டும்.

எந்த வேலைக்கு எத்தனை வாரம்?

கீழே தரப்படுபவை சிக்கல் ஏதுமின்றிக் குணமடைவோருக்கான பொதுவான கால அளவுகள். இறுதி முடிவு உங்கள் அறுவை மருத்துவருடையது.

அமர்ந்து செய்யும் வேலை: இரண்டு முதல் மூன்று வாரங்கள். முதல் வாரம் அரை நாள் வேலையாகத் தொடங்குவது நன்று. மணிக்கு ஒருமுறை எழுந்து ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். கால் நரம்புகளில் இரத்தம் உறையாமல் காக்கும் எளிய வழி இதுவே.

நின்று செய்யும் வேலை, அதாவது கடை, பள்ளி, சமையற்கூடம் போன்றவை: மூன்று முதல் நான்கு வாரங்கள்.

வண்டி ஓட்டுதல்: வலுவான வலிநிவாரணிகளை நிறுத்திய பின்னரே. திடீரெனப் பிரேக் அழுத்தினாலும் வயிற்றில் வலி எடுக்காத நிலை வந்திருக்க வேண்டும். இருசக்கர வாகனத்தை ஸ்டாண்டில் ஏற்றுவதும் ஒரு பளு தூக்குதலே என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

பளு தூக்கும் வேலை: ஆறு முதல் எட்டு வாரங்கள். முதல் ஆறு வாரங்களுக்கு ஐந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்க வேண்டாம். நிறைந்த தண்ணீர்க் குடம் இதைவிடப் பன்மடங்கு கனமானது. வீட்டுப் பெண்களின் உழைப்பும் உழைப்புதான். குடம், எரிவாயு உருளை, இடுப்புக் குழந்தை ஆகிய மூன்றும் இக்கணக்கில் அடங்கும்.

சங்கு குளித்தல், உயரத்தில் ஏறிச் செய்யும் வேலை, தனியே கடலுக்குச் செல்லுதல்: இவற்றுக்குத் தனியாக மருத்துவரின் அனுமதி பெற வேண்டும். அங்கே ஒரு நொடி தலைசுற்றினாலும் உயிருக்கே ஆபத்து.

ஓய்வுக் காலத்தை ஊரின் பருவத்தோடு பொருத்துதல்

இது பெரும்பாலும் திட்டமிட்டுச் செய்யப்படும் அறுவை. நாளைத் தேர்ந்தெடுக்க இடம் உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். எட்டு வாரத்துக்கும் சற்றுக் கூடுதலான இக்காலம், பளு தூக்கும் வேலைக்குத் திரும்பத் தேவையான கால அளவோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. பரிசோதனைகளையும் அறுவைக்கு முந்தைய உணவுக் கட்டுப்பாட்டையும் மார்ச்சிலேயே முடித்துவிட்டுத் தடைக்காலத்தின் தொடக்கத்தில் அறுவை செய்துகொண்டால், படகு மீண்டும் கடலுக்குப் புறப்படும்போது நீங்களும் ஆயத்தமாக இருக்கலாம். ஆனால் அது கடும் கோடை. நீர் அருந்துவதில் இருமடங்கு கவனம் தேவை.

உப்பளத் தொழிலாளர்க்கு வடகிழக்குப் பருவமழைக் காலமே வேலை நின்றுபோகும் காலம். அவர்கள் அக்டோபரில் அறுவை செய்துகொண்டால் கூலி இழப்பும் குறையும், வெயிலின் தாக்கமும் இராது. சர்க்கரை நோயோ மூச்சுத்திணறலோ முற்றியவர்கள் மட்டும் பருவத்துக்காகக் காத்திராமல் மருத்துவர் சொல்லும் நாளை ஏற்க வேண்டும்.

தண்ணீர்: வேலையிடத்தின் முதல் பிரச்சினை

அறுவைக்குப் பின் நோயாளிகள் மீண்டும் மருத்துவமனையில் சேர நேர்வதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று நீர்ச்சத்துக் குறைவு. சிறுத்துப்போன இரைப்பையால் ஒரு சொம்பு நீரை ஒரே மூச்சில் ஏற்க முடியாது. ஆகவே நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டரைச் சிறு மிடறுகளாகப் பகிர்ந்து குடிக்க வேண்டும். வெயிலில் உழைப்பவர்களுக்கு இதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும். பாட்டில் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். உணவோடு நீர் அருந்தாதீர்கள். உண்டு அரை மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள். சிறுநீர் அடர்மஞ்சளாக இறங்கினால் நீர் போதவில்லை என்று பொருள்.

குளிர்பானங்களும் சோடாவும் வேண்டாம். பதநீர் இயற்கையானது என்றாலும் சர்க்கரை மிகுந்தது. கருப்பட்டியும் சர்க்கரையே.

உணவு: நம் கடல் நமக்குத் தரும் துணை

முதல் இரு வாரங்கள் நீர்ம உணவு, அடுத்த இரு வாரங்கள் மசித்த உணவு, பின்னர் மென்மையான உணவு, ஆறு வாரங்களுக்குப் பின் வழக்கமான உணவு என்பதே பொதுவான வரிசை. நீர்ம உணவுக் காலத்தில் முழு நாள் வேலைக்குச் செல்வது நல்லதன்று.

நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் தேவை. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராமும், 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராமும் உண்டு. இவ்வகையில் கடற்கரையில் வாழ்வது ஒரு பேறு. முள் நீக்கி வேகவைத்து மசித்த மீன், மென்மையுணவுக் கட்டத்தில் காரமும் எண்ணெயும் குறைத்துச் செய்த சுறாப் புட்டு ஆகியவை எளிதில் செரிப்பவை. மீன் உண்ணாதவர்களுக்குப் பருப்பு, தயிர், பன்னீர், சுண்டல் விழுது ஆகியவை உதவும். தட்டில் புரதத்தை முதலில் உண்ணுங்கள். சோற்றுக்கு இடம் எஞ்சினால் எஞ்சட்டும்.

பரோட்டாவும் மக்ரூனும் இவ்வூரின் பெருமைகள். பரோட்டாவின் மாவு சரியாக மெல்லப்படாவிட்டால் குறுகிய இரைப்பையில் அடைத்துக்கொண்டு வாந்தியை உண்டாக்கும். மக்ரூன் போன்ற இனிப்புகள், குறிப்பாகப் பைபாஸ் செய்தவர்களுக்கு, உண்ட அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு ஆகியவற்றைத் தரலாம். உணவு மிக விரைவாகக் குடலுக்குள் இறங்குவதே இதற்குக் காரணம். வேலையிடத்தில் பத்து நிமிடத்தில் சாப்பிட்டு எழும் பழக்கமும் மாற வேண்டும். ஒரு சிறு கிண்ணம் உணவுக்கு இருபது நிமிடமாவது ஒதுக்குங்கள். உணவு இடைவேளை குறித்து மேலாளரிடம் முன்னதாகவே பேசிவிடுங்கள்.

மருந்துகளில் மாற்றம்

சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் அறுவைக்கு முன் உட்கொண்ட அளவு, அறுவைக்குப் பின் மிகுதியாகிவிடலாம். பழைய அளவையே தொடர்ந்தால் வேலையின் நடுவே சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரக்கூடும். நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம், பழையபடி தொடரவும் வேண்டாம். வேலைக்குத் திரும்பும் முன் ஒருமுறை மருத்துவரிடம் அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உடல்வலிக்கு மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கும் வழக்கம் உழைக்கும் மக்களிடையே உண்டு. டைக்குளோஃபினாக், இபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் இரைப்பையில் புண்ணை உண்டாக்கக் கூடியவை. பைபாஸ் செய்தவர்கள் இவற்றை அறவே தவிர்க்க வேண்டும். புகைத்தலும் அவ்வாறே. மது முன்னைவிட விரைவாகவும் கடுமையாகவும் ஏறும்.

பி12, இரும்பு, சுண்ணாம்பு, டி உள்ளிட்ட சத்து மாத்திரைகள் வாழ்நாள் முழுவதும் தேவை. இரும்பையும் சுண்ணாம்பையும் இரண்டு மணி நேர இடைவெளி விட்டு உட்கொள்ளுங்கள். இரும்பு மாத்திரையோடு தேநீர் அருந்தாதீர்கள்.

உடனே வர வேண்டிய அறிகுறிகள்

காய்ச்சல், ஓய்விலும் குறையாத நெஞ்சுப் படபடப்பு, கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, இடத்தோள் வலி: இவை தையல் கசிவின் அடையாளமாக இருக்கலாம். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி: இரத்த உறைவாக இருக்கலாம். கறுத்த மலம் அல்லது இரத்த வாந்தி: உட்கசிவு.

ஓரிரு நாள்களுக்கு மேல் வாந்தி தொடர்ந்தால் பி1 சத்துக் குறைந்து, பார்வை இரட்டையாகத் தெரிதல், நடை தள்ளாடுதல், குழப்பம் ஆகியவை தோன்றலாம். குடித்திருக்கிறார் என்று அருகில் இருப்பவர்கள் தவறாக எண்ணக்கூடும். எந்த மருத்துவமனைக்குக் கொண்டு சென்றாலும், குளுக்கோஸ் ஏற்றும் முன்பே, "இவருக்கு எடைகுறைப்பு அறுவை நடந்திருக்கிறது, பி1 தேவைப்படலாம்" என்று சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியம் நரம்பு மண்டலத்தைக் காப்பாற்றும். அறுவையின் பெயரும் தேதியும் எழுதிய அட்டையைச் சட்டைப் பையிலோ கைப்பையிலோ வைத்திருப்பது நலம்.

வருமானமும் உரிமையும்

இ.எஸ்.ஐ. திட்டத்தில் உள்ள தொழிலாளர், உரிய காலத்தில் குறைந்தது 78 நாள்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருந்தால், மருத்துவச் சான்றின் பேரில் ஆண்டுக்கு 91 நாள்கள் வரை சராசரி ஊதியத்தில் 70 விழுக்காட்டை நோய்க்கால உதவியாகப் பெறலாம். அறுவைக்கு முன்பே உங்கள் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

தனியார் மருத்துவக் காப்பீட்டில், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த நெறிப்படி, 18 வயது நிறைந்து, மருத்துவரின் பரிந்துரையும் இருந்து, உடல் நிறை குறியீட்டு எண் 40 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கு இவ்வறுவை விலக்கப்படுவதில்லை. அவ்வெண் 35 அல்லது அதற்கு மேல் இருந்து, கடும் உறக்க மூச்சுத்தடை, கட்டுக்கடங்காத சர்க்கரை நோய் போன்றவற்றோடு எளிய சிகிச்சைகளும் பலனளிக்காதவர்களுக்கும் இது பொருந்தும். உங்கள் பாலிசியின் காத்திருப்புக் காலத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலையிடத்தில் அறுவையின் பெயரை எல்லோரிடமும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. "வயிற்றில் அறுவை நடந்தது, இத்தனை வாரம் பளு தூக்கக் கூடாது" என்ற மருத்துவர் சான்றே போதும். ஆனால் உடன் பணிபுரியும் நம்பிக்கைக்குரிய ஒருவருக்கேனும் முழு விவரமும் தெரிந்திருக்க வேண்டும்.

குடும்பத்தினருக்கு ஒரு சொல்

மூன்றாம் மாதம் முதல் முடி கொட்டலாம். பெரும்பாலோர்க்கு அது மீண்டும் வளரும். முகம் ஒட்டிப்போகும், உறவினர்கள் "என்ன நோய்?" என்று கேட்பார்கள். விருந்து வீட்டில் இலையில் பாதி எஞ்சும். "இன்னும் கொஞ்சம்" என்று அன்போடு வற்புறுத்துவார்கள். அத்தருணங்களில் நோயாளியின் சார்பாக நீங்கள் பேசுங்கள். குழந்தைப்பேறு விரும்பும் பெண்கள் 12 முதல் 18 மாதங்கள் பொறுத்திருக்க வேண்டும். அதுவரை அவர்களிடம் அக்கேள்வியை யாரும் எழுப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரம் முன்னதாக வேலைக்குச் சென்று ஈட்டும் கூலி, குடலிறக்கத்துக்கு மற்றோர் அறுவை என்று வந்தால் ஒரே நாளில் கரைந்துவிடும். இவ்வறுவையின் நோக்கம் அடுத்த பல ஆண்டுகள் மூட்டுவலியும் மூச்சிரைப்பும் குறைந்து உழைக்கும் ஆற்றலை மீட்பது. அதற்காக இந்தச் சில வாரங்களை உடலுக்குக் கொடுங்கள். வேலைக்குத் திரும்பும் நாளை முடிவு செய்யும் முன், உங்கள் வேலை எத்தகையது, அதில் எவ்வளவு பளு, எவ்வளவு வெயில், எத்தனை மணி நேரம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு அடுத்த பரிசோதனைக்கு வாருங்கள். அந்தத் தாளை வைத்து மருத்துவரும் நீங்களும் சேர்ந்து நாளைக் குறிக்கலாம்.