கப்பல்ல டூர் போறீங்களா? சிபாப் மெஷினை எப்படி எடுத்துட்டுப் போறது, ஸ்பைக் பஸ்டருக்கு ஏன் தடை? - முழு விளக்கம்

"ஒரு ராத்திரிதானே... விடு, பார்த்துக்கலாம்."

இரவு 11 மணிக்கு மேல், கப்பலின் ஏழாவது தளத்தில், அப்பா இதைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்பா, அம்மாவின் 30-வது திருமண நாளுக்காக சிங்கப்பூரிலிருந்து மூன்று இரவு கப்பல் பயணம். மாசக்கணக்கா பிளான் பண்ணது. பாஸ்போர்ட், விசா, அம்மாவுக்கு சைவச் சாப்பாடு எல்லாம் பக்காவா ரெடி. ஒன்றை மட்டும் கோட்டைவிட்டோம். நான்கு வருஷமா அப்பா தினமும் மாட்டிக்கொண்டு தூங்கும் சிபாப் மெஷின் கப்பலில் எப்படி ஓடும் என்று யாரும் யோசிக்கவே இல்லை.

மெஷின் இருந்த பெரிய சூட்கேஸை டெர்மினல் கவுன்ட்டரில் கொடுத்துவிட்டோம். அதே சூட்கேஸில் வீட்டில் பயன்படுத்தும் ஸ்பைக் பஸ்டரும் இருந்தது. ஸ்கேனரில் அது தெரிந்ததால் பெட்டியைத் தடுத்து வைத்துவிட்டார்கள். கீழ்த்தளத்துக்குப் போய், பெட்டியைத் திறந்து காட்டி, ஸ்பைக் பஸ்டரை ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு அறைக்கு வந்தபோது மணி 10.30. வந்தால், பிளக் பாயின்ட் இருப்பது கண்ணாடி மேஜை பக்கத்தில். கட்டில் எதிர்மூலையில். வயர் எட்டவில்லை.

"ஏங்க, மெஷின் இல்லாம எப்படிங்க?" என்று அம்மா கேட்டதற்குத்தான் அந்த "ஒரு ராத்திரிதானே".

அன்றைக்கு நான் தூங்கவில்லை. குறட்டை ஏறிக்கொண்டே போய் சட்டென்று நிற்கும். அறையே அமைதியாகிவிடும். மொபைலில் விநாடி பார்த்தேன். 14. அடுத்த முறை 22. அப்புறம் மூச்சுத் திணறி, உடம்பே தூக்கிப்போட்ட மாதிரி ஒரு இழுப்பு. காலையில் அப்பாவுக்குத் தலைவலி. சுற்றிப்பார்க்க வந்த இடத்தில் மதியம் வரை நாற்காலியிலேயே தூங்கி வழிந்தார்.

கப்பல் நிறுவனத்தின் மீது தவறில்லை. விதிமுறை டிக்கெட்டோடு வந்த மெயிலிலேயே இருந்தது. நாங்கதான் படிக்கல. நீங்களும் அந்தத் தப்பைப் பண்ணாமல் இருக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதல்ல, ஸ்லீப் ஆப்னியான்னா என்ன?

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். சிலருக்கு அது மூச்சுப்பாதையையே அடைக்கும் அளவுக்குப் போய்விடும். மூச்சு 10 விநாடியோ அதற்கு மேலோ நிற்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் மூளை உசுப்பிவிடும், மூச்சு திரும்பும். மறுபடியும் அடைக்கும். இரவு முழுக்க இதே கதைதான். தூங்குபவருக்கு இது பெரும்பாலும் தெரியவே தெரியாது. பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும்.

மணிக்கு 5 முதல் 15 முறை மூச்சு தடைபட்டால் லேசான பாதிப்பு, 15 முதல் 30 வரை மிதமானது, 30-க்கு மேல் தீவிரம் என்று மருத்துவர்கள் பிரிக்கிறார்கள். இதைக் கவனிக்காமல் விட்டால் ரத்த அழுத்தம், இதயப் பிரச்னைகள், பகல் தூக்கம், அதனால் வரும் சாலை விபத்து என்று பட்டியல் நீளும். இந்தியாவில் வேலை செய்யும் வயதில் உள்ள சுமார் 10.4 கோடி பேருக்கு இந்தப் பிரச்னை இருக்கலாம் என்று டெல்லி எய்ம்ஸ் ஆய்வாளர்கள் 2023-ல் மதிப்பிட்டார்கள். 2022 பிப்ரவரியில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி இறந்தபோது, மருத்துவர்கள் சொன்ன காரணத்தில்தான் நம்மில் பலர் இந்தப் பெயரையே முதன்முதலில் கேள்விப்பட்டோம்.

சிபாப் மெஷின் என்ன பண்ணும்?

பலர் நினைப்பது போல இது ஆக்சிஜன் சிலிண்டர் கிடையாது. அறையில் இருக்கும் சாதாரணக் காற்றையே லேசான அழுத்தத்தோடு குழாய், மாஸ்க் வழியாக உள்ளே அனுப்பும். அந்த அழுத்தம் மூச்சுப்பாதை சுருங்காமல் தாங்கிப் பிடிக்கும். சிட்னி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காலின் சல்லிவன் 1980-ல் உருவாக்கிய முறை இது. 1981-ல் லான்செட் இதழில் வெளியானது.

ஒன்றைக் கவனியுங்கள். மெஷின் ஓடும் வரைதான் பலன். இது நோயைக் குணப்படுத்தாது, அந்தந்த இரவைக் காப்பாற்றும். நிறுத்தினால் குறட்டையும் மூச்சுத்தடையும் திரும்பி வந்துவிடும். அதனால் 'டூர்தானே, மூணு நாள் லீவு விட்டா என்ன' என்கிற கணக்கு இங்கே செல்லாது.

கப்பல்ல ஸ்பைக் பஸ்டருக்கு ஏன் தடை?

வீட்டில் கம்ப்யூட்டரைப் பாதுகாக்கும் பொருளை கப்பலில் ஏன் ஆபத்து என்கிறார்கள்? எங்களுக்கும் முதலில் புரியவில்லை.

விஷயம் கரன்ட் வரும் முறையில் இருக்கிறது. நம்ம வீட்டுக்கு ஃபேஸ், நியூட்ரல் என்று இரண்டு வயர் வருகிறது. இதில் நியூட்ரல் பூமியோடு இணைக்கப்பட்டிருக்கும். அதனால் ஆபத்தான மின்னழுத்தம் இருப்பது ஃபேஸ் வயரில் மட்டும்தான். ஆனால் பல கப்பல்களில் இரண்டு வயர்களையுமே கப்பலின் இரும்பு உடலோடு இணைப்பதில்லை. எங்கோ ஓரிடத்தில் ஒரு வயர் பழுதானால், நடுக்கடலில் மொத்தக் கரன்ட்டும் போய்விடக் கூடாது என்பதற்காக இப்படி ஓர் ஏற்பாடு. அதன் விளைவு, இரண்டு வயரிலும் மின்னழுத்தம் இருக்கும்.

சாதாரண ஸ்பைக் பஸ்டர் வீட்டுக் கரன்ட்டுக்காகச் செய்யப்பட்டது. அதிகப்படி மின்னழுத்தம் வந்தால் அதை எர்த்துக்குத் திருப்பிவிடும் பாகம் உள்ளே இருக்கும். கப்பலில் எங்காவது எர்த் பழுது ஏற்பட்டால், அந்தப் பாகம் எதிர்பார்க்காத மின்னழுத்தத்தைத் தாங்க வேண்டி வரும். சூடாகி, தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. பல மாடல்கள் ஆபத்து வரும்போது ஒரு வயரை மட்டும்தான் துண்டிக்கும். இன்னொரு வயரில் கரன்ட் அப்படியே இருக்கும். இதனால்தான் அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2013-ல் இதுபற்றிப் பாதுகாப்பு எச்சரிக்கையே வெளியிட்டது. கடலில் தீ என்றால் இறங்கி ஓட இடமில்லை. இந்த விஷயத்தில் கப்பல்காரர்கள் கறாராக இருப்பது நியாயம்தான்.

சரி, வயர் எட்டலைன்னா என்ன வழி?

கேட்டால் போதும்! மறுநாள் காலை ரிசப்ஷனில் விஷயத்தைச் சொன்னதும், கப்பலுக்கு ஏற்ற எக்ஸ்டென்ஷன் கார்டை அறைக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். முதல் நாள் ராத்திரி ஒரு போன் போட்டிருந்தால் முடிந்திருக்கும்.

சாதாரண எக்ஸ்டென்ஷன் கார்டு விஷயத்தில் நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறும். ராயல் கரீபியன் 2024 செப்டம்பரில், பயணிகள் எக்ஸ்டென்ஷன் கார்டு கொண்டுவருவதையே தடை செய்தது. அதனால் சொந்தமாக எடுத்துப்போவதைவிட, புக்கிங் செய்யும்போதே மருத்துவத் தேவைக்கான படிவத்தில் 'சிபாப் பயன்படுத்துகிறேன், எக்ஸ்டென்ஷன் கார்டு வேண்டும், டிஸ்டில்டு வாட்டர் வேண்டும்' என்று எழுதிக்கொடுப்பது நல்லது. ஏறின பிறகு கேட்கலாம் என்று இருக்காமல், சில வாரங்கள் முன்பே அனுப்பி, பதில் மெயிலை மொபைலில் சேமித்து வையுங்கள்.

110 வோல்ட்டில் நம்ம ஊரு மெஷின் ஓடுமா?

பெரும்பாலும் ஓடும். பல கப்பல் அறைகளில் அமெரிக்க பாணி தட்டை பின் 110 வோல்ட் சாக்கெட்டும், ஐரோப்பிய பாணி உருண்டை பின் 220 வோல்ட் சாக்கெட்டும் இருக்கும். இப்போது வரும் சிபாப் மெஷின்களின் அடாப்டர் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். அடாப்டரின் அடியில் பொடி எழுத்தில் 'இன்புட்' என்ற வரியைப் பாருங்கள். 100-240 என்று இருந்தால் கன்வெர்ட்டர் தேவையில்லை. பின்னின் வடிவத்தை மாற்றும் சாதாரண டிராவல் அடாப்டர் போதும். அதிலும் சர்ஜ் பாதுகாப்பு இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.

பரவலாக விற்கும் மாடல்களின் அடாப்டர்கள் 65 முதல் 90 வாட் வரைதான். கப்பல் சாக்கெட்டுக்கு இது பெரிய சுமையே இல்லை.

இன்னொரு விஷயம்: சில அறைகளில் கதவுப் பக்கம் கீ கார்டைச் சொருகினால்தான் கரன்ட் வரும். நள்ளிரவில் யாராவது கார்டை உருவிக்கொண்டு வெளியே போனால் மெஷின் நிற்குமா என்று படுப்பதற்கு முன்பே சோதித்துப் பாருங்கள்.

ஹியூமிடிஃபையருக்கு எந்தத் தண்ணீர்?

மெஷினோடு இருக்கும் சிறிய தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர்தான் நல்லது. குழாய்த் தண்ணீரிலும் பாட்டில் மினரல் வாட்டரிலும் உள்ள தாதுக்கள் தொட்டியில் வெள்ளைப் படிவாகச் சேரும். 'கப்பலே கடல்நீரைச் சுத்திகரித்துத்தானே கொடுக்குது, அப்போ அது டிஸ்டில்டுதானே' என்று அப்பா லாஜிக் பேசினார். அப்படி இல்லை. கப்பல் தண்ணீரில் குளோரினும் தாதுக்களும் சேர்த்துத்தான் குழாயில் விடுவார்கள். சில நேரம் துறைமுகத்திலேயே தண்ணீர் நிரப்பிக்கொள்வதும் உண்டு.

டிஸ்டில்டு வாட்டரை சில நிறுவனங்கள் இலவசமாகத் தரும், சில காசு வாங்கும், எதுவானாலும் முன்பே சொல்லிவைக்க வேண்டும். ஊரிலிருந்தே வாங்கிப் போவதாக இருந்தால், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் கேன் வேண்டவே வேண்டாம். அது மூச்சுக்கருவிக்காகத் தயாரிக்கப்பட்டது அல்ல.

கப்பல் ஆடும் என்பதையும் மறக்காதீர்கள். தொட்டியில் குறித்திருக்கும் கோட்டுக்கு மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். மெஷினை தலைமட்டத்துக்குக் கீழே, வழுக்காத சமமான இடத்தில் வையுங்கள். ஏசி அறைக் குளிரில் குழாய்க்குள் தண்ணீர் கோத்துக்கொண்டால், அது முகத்துக்கு வராமல் மெஷின் பக்கம் திரும்பிப் போகும். ரொம்பக் கோத்தால் ஈரப்பத அளவை ஒரு படி குறைக்கலாம். மெஷினை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எடுத்துப்போகும் முன்பு தொட்டியைக் காலி செய்யுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் மோட்டாருக்குள் போய்விடும்.

நடுக்கடலில் கரன்ட் போனால்?

அபூர்வம்தான், ஆனால் நடந்திருக்கிறது. 2013 பிப்ரவரியில் மெக்சிகோ வளைகுடாவில் கார்னிவல் டிரையம்ப் கப்பலின் இன்ஜின் அறையில் தீப்பிடித்தது. 4,000-க்கும் மேற்பட்டவர்களோடு நாள்கணக்கில் கடலில் தத்தளித்து, கடைசியில் இழுத்துக்கொண்டு வரப்பட்டது. எல்லாக் கப்பல்களிலும் அவசரகால ஜெனரேட்டர் உண்டு. ஆனால் அதன் வேலை அவசர விளக்குகள், தகவல் தொடர்பு, தீயணைப்பு போன்றவற்றைக் காப்பது. உங்கள் அறை பிளக் பாயின்ட்டுக்கும் கரன்ட் வரும் என்று நம்பி இருக்க முடியாது.

தீவிர பாதிப்பு உள்ளவர்கள் சிபாப் பேட்டரி பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். விமானத்தில் போய்த்தான் கப்பல் ஏறுகிறீர்கள் என்றால், லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் இருக்க வேண்டும். 100 வாட்-ஹவர் வரை பொதுவாகப் பிரச்னை இல்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். கணக்கு எளிது: வோல்ட்டை ஆம்பியர்-ஹவரால் பெருக்குங்கள். 24 வோல்ட், 4 ஆம்பியர்-ஹவர் என்றால் 96. பேட்டரியில் ஓட்டும்போது ஹியூமிடிஃபையரை அணைத்துவிட்டால் கூடுதல் நேரம் தாங்கும்.

கிளம்பும் முன் ஒரு செக் லிஸ்ட்

- மெஷினைக் கையிலேயே வைத்திருங்கள். விமானத்திலும் சரி, கப்பலிலும் சரி, பெரிய பெட்டியில் போட வேண்டாம். கப்பலில் பெட்டி அறைக்கு வரவே பல மணி நேரம் ஆகலாம்.
- மருத்துவர் கடிதம், அழுத்த அளவு எழுதிய பிரிஸ்கிரிப்ஷன் இரண்டையும் போட்டோ எடுத்து மொபைலில் வையுங்கள்.
- மாஸ்க் குஷன், ஃபில்டர் தலா ஒன்று கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.
- டிராவல் இன்ஷூரன்ஸ் படிவத்தில் ஸ்லீப் ஆப்னியாவை மறைக்காமல் சொல்லுங்கள். பின்னாடி கிளெய்ம் சிக்கலாகும்.
- மது தொண்டைத் தசைகளை இன்னும் தளர்த்தும். கடல் குமட்டலுக்கான பல மாத்திரைகளும் தூக்கம் வரவைப்பவை. எது எடுக்கலாம் என்பதை முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்.
- அறைக்குள் போனதும் முதல் வேலை செல்ஃபி இல்லை. பிளக் பாயின்ட் எங்கே, வயர் எட்டுதா என்று பாருங்கள். எட்டவில்லை என்றால் உடனே ரிசப்ஷனுக்கு போன் பண்ணுங்கள்.

இரண்டாவது இரவு எக்ஸ்டென்ஷன் கார்டு வந்தது, மெஷின் ஓடியது. மாஸ்க் வழியே வரும் அந்த மெல்லிய காற்றுச் சத்தம் கேட்டதுமே அம்மா நிம்மதியாகத் தூங்கிவிட்டார். நானும்தான். காலையில் அப்பா எனக்கு முன்பே எழுந்து, மெஷின் திரையை என்னிடம் காட்டினார். மணிக்கு 2 முறைதான் தடை. "பார்த்தியா, நேத்து நீ எண்ணிட்டு இருந்தியாமே, அம்மா சொன்னா" என்றார். பிறகு மூன்று பேரும் மேல்தளத்துக்கு டீ குடிக்கப் போனோம்.

உங்கள் வீட்டிலும் யாராவது 'ஒரு ராத்திரிதானே' என்று சொன்னால், ஒப்புக்கொள்ளாதீர்கள். ரிசப்ஷனுக்கு ஒரு போன் போடுங்கள்.