உங்களுக்குத் தெரியுமா? – பருத்திக் காட்டிலிருந்து பறந்த பெஸ்ஸி கோல்மன்

விமானம் ஓட்ட லைசென்ஸ் வாங்கிய முதல் கறுப்பின அமெரிக்கப் பெண் பெஸ்ஸி கோல்மன். லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு அவர் உயிரோடு இருந்தது ஐந்து ஆண்டுகள்கூட இல்லை. அதற்குள் செய்து காட்டியது நிறைய. ‘முடியாது’ என்று மறுத்ததும் நிறைய. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் பெஸ்ஸி யாரென்று புரியும்.

● 1892 ஜனவரி 26 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் அட்லாண்டா என்ற சிற்றூரில் பிறந்தார் பெஸ்ஸி. ஜார்ஜியா மாநிலத் தலைநகரான அட்லாண்டா வேறு, இது வேறு. பதின்மூன்று பிள்ளைகளில் இவர் பத்தாவது. அடுத்தவர் நிலத்தை வாரத்துக்கு எடுத்துப் பயிரிட்ட குடும்பம். வளர்ந்தது அதே மாநிலத்தின் வாக்ஸஹாச்சியில்.

● அவர் பிறந்தபோது உலகில் விமானமே கிடையாது. ரைட் சகோதரர்கள் பறந்து காட்டியது 1903 டிசம்பரில். அப்போது பெஸ்ஸிக்கு வயது பதினொன்று.

● கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று இருந்த பள்ளியில் ஒரே ஓர் அறை. போய்ச் சேர ஆறு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். பருத்தி வெடித்துவிட்டால் அந்தப் பள்ளிக்கும் பூட்டு. பிள்ளைகள் எல்லாம் காட்டில். எடுத்த பருத்தியின் எடைக்கு ஏற்பத்தான் கூலி. பெஸ்ஸி கணக்கில் கெட்டிக்காரி என்பதால், குடும்பத்தார் எடுத்த பருத்தியின் எடையைக் குறித்து வைத்துக் கூலியைச் சரிபார்ப்பது அவர் பொறுப்பு.

● தந்தை ஜார்ஜ் கோல்மனுக்கு அமெரிக்கப் பூர்வகுடி வம்சாவளியும் உண்டு. டெக்சாஸின் நிறவெறி தாங்காமல் 1901-ல் அவர் ஓக்லஹோமா பக்கம் போய்விட்டார். தாய் சூசன் வீட்டு வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார்.

● துணி வெளுத்துச் சேர்த்த காசில் பெஸ்ஸி 1910-ல் ஓக்லஹோமாவின் லாங்ஸ்டன் நகரில் கல்லூரியில் சேர்ந்தார். ஒரு பருவம் முடிவதற்குள் கையிருப்பு கரைந்தது. ஊர் திரும்பி, மறுபடியும் துணி மூட்டை.

● அடுத்து அண்ணன்மார் இருந்த சிகாகோ. அங்கே ஒரு முடிதிருத்தகத்தில் வாடிக்கையாளர்களின் நகங்களைச் சீராக்கி மெருகேற்றும் வேலை. முதல் உலகப் போருக்காக பிரான்ஸ் போய்த் திரும்பிய அண்ணன் ஜான், ‘பிரெஞ்சுக்காரிகள் விமானமே ஓட்டுகிறார்கள், நீங்கள் என்ன செய்கிறீர்கள்?’ என்கிற தோரணையில் கடைக்கு வந்து கிண்டலடித்தார். தங்கை அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை.

● ஜான் சொன்னதில் பொய்யும் இல்லை. உலகிலேயே முதன்முதலில் விமானி லைசென்ஸ் பெற்ற பெண் பிரான்ஸைச் சேர்ந்த ரேமண்ட் டி லாரோஷ். அவர் அதைப் பெற்ற நாள் 1910 மார்ச் 8.

● அமெரிக்காவில் எந்தப் பயிற்சிப் பள்ளியும் பெஸ்ஸியைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பெண் என்பது ஒரு காரணம், கறுப்பினப் பெண் என்பது இன்னொரு காரணம். ‘பிரான்ஸுக்குப் போ’ என்று வழி சொன்னவர் ‘சிகாகோ டிஃபெண்டர்’ பத்திரிகையின் அதிபர் ராபர்ட் அபட். பெஸ்ஸி முதலில் செய்த காரியம், சிகாகோவிலேயே ஒரு மொழிப் பள்ளியில் சேர்ந்து பிரெஞ்சு படித்தது. 1920 நவம்பரில் கப்பல் ஏறினார்.

● வட பிரான்ஸின் லெ க்ரோத்வா என்ற கடலோர ஊரில் விமானத் தயாரிப்பாளர்களான கோத்ரோன் சகோதரர்கள் தொடங்கிய பள்ளியில் சேர்ந்தார். பயிற்சிக்குக் கிடைத்தது ‘நியூபோர்ட் 82’ என்ற இரட்டை இறக்கை விமானம். அதில் ஸ்டீயரிங் சக்கரம் கிடையாது. முன்னால் உருட்டுக்கட்டை பருமனில் செங்குத்தாக ஒரு தடி. காலடியில் வால்பகுதியைத் திருப்ப ஒரு குறுக்குச் சட்டம். கையும் காலும் சேர்ந்து வேலை செய்தால்தான் விமானம் சொன்னபடி கேட்கும். தலைக்கு மேல் கூரையும் இல்லை. உடன் படித்த ஒருவர் விபத்தில் இறந்ததை நேரில் பார்த்த பிறகும் பெஸ்ஸி பயிற்சியை விடவில்லை.

● 1921 ஜூன் 15. சர்வதேச விமானக் கூட்டமைப்பின் லைசென்ஸ் கைக்கு வந்தது. அதில் பிறந்த ஆண்டு 1896 என்று இருக்கிறது. வயதில் நான்கைக் குறைத்துச் சொல்லியிருந்தார்!

● பெண் விமானி என்றாலே நினைவுக்கு வருகிற அமேலியா ஏர்ஹார்ட் லைசென்ஸ் பெற்றது 1923 மே மாதம். பெஸ்ஸி அவருக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு சீனியர்.

● லைசென்ஸ் இருந்தும் அமெரிக்காவில் வேலை இல்லை. பயணிகள் விமானப் போக்குவரத்து இன்னும் காலூன்றாத காலம். விமானிக்குக் காசு தந்தது வான்சாகசக் காட்சிதான். குட்டிக்கரணம், எட்டு வடிவில் சுற்றுவது, தரையை உரசுவதுபோல் இறங்கி மேலேறுவது எல்லாம் வேண்டும். அதைக் கற்க 1922-ல் மறுபடியும் ஐரோப்பா போனார். நெதர்லாந்தில் பிரபல விமானத் தயாரிப்பாளர் ஆந்தனி ஃபோக்கரைச் சந்தித்தார்; ஜெர்மனியிலும் பயிற்சி எடுத்தார்.

● 1922 செப்டம்பர் 3 அன்று நியூயார்க் அருகே கர்டிஸ் மைதானத்தில் அவரது முதல் காட்சி. முதல் உலகப் போரில் பெயர் பெற்ற கறுப்பினப் படைப்பிரிவான 369-ஆவது காலாட்படையைக் கௌரவிக்க நடந்த விழா அது. ராணுவ அதிகாரி போன்ற உடுப்பும் தோல் கோட்டும் முழங்கால் வரை பூட்ஸுமாக வந்து நின்றவரைப் பத்திரிகைகள் ‘ராணி பெஸ்’ என்றன.

● 1923 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் அருகே மேலேறிய சில நொடிகளில் எஞ்சின் நின்று விமானம் விழுந்தது. கால் முறிவு, விலா எலும்பு முறிவு. ‘நடக்க முடிந்தவுடனே பறப்பேன்’ என்ற பொருளில் மருத்துவமனையிலிருந்தே ஆதரவாளர்களுக்குத் தந்தி போனது.

● சினிமா வாய்ப்பும் வந்தது. முதல் காட்சியில் கந்தல் உடையில், கையில் கோலும் முதுகில் மூட்டையுமாக நகரத்துக்கு வர வேண்டும் என்றார்கள். கறுப்பினத்தவரை இப்படிக் காட்டும் படத்தில் நடிக்க முடியாது என்று எழுந்து வந்துவிட்டார். பறப்பதற்குப் பணம் அவசரமாகத் தேவைப்பட்ட நேரம் அது என்பதைச் சேர்த்துப் படியுங்கள்.

● டெக்சாஸில் அவரது முதல் காட்சி 1925 ஜூன் 19 அன்று, ஹூஸ்டனில். அந்தத் தேதிக்குப் பொருள் உண்டு: 1865-ல் அதே நாளில்தான் டெக்சாஸ் அடிமைகளுக்கு விடுதலை அறிவிக்கப்பட்டது.

● வளர்ந்த ஊரான வாக்ஸஹாச்சியில் காட்சி நடத்த அழைத்தார்கள். வெள்ளையருக்கு ஒரு வாசல், கறுப்பினத்தவருக்கு ஒரு வாசல் என்று ஏற்பாடு. எல்லோரும் ஒரே வாசலில் வந்தால்தான் பறப்பேன் என்றார் பெஸ்ஸி. அமைப்பாளர்கள் இறங்கி வந்தார்கள். உள்ளே இருக்கைகள் மட்டும் பிரிந்தே இருந்தன.

● இத்தனைக்கும் பின்னால் இருந்த ஆசை ஒன்றுதான்: கறுப்பினத்தவருக்கு ஒரு விமானப் பள்ளி. அதற்காகவே ஊர் ஊராகப் போய்ச் சொற்பொழிவாற்றினார். ஃப்ளோரிடாவில் ஓர்லாண்டோ நகரில் பணம் சேர்க்க அழகு நிலையம்கூட நடத்தினார்.

● டல்லஸில் அவர் வாங்கிய பழைய ‘ஜென்னி’ ரக விமானத்தை மெக்கானிக் வில்லியம் வில்ஸ் ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில்லுக்கு ஓட்டி வந்தார். வழியிலேயே பழுதாகி ஒன்றுக்கு மேற்பட்ட முறை இறக்க வேண்டியிருந்தது. 1926 ஏப்ரல் 30 காலையில் வில்ஸ் ஓட்ட, பெஸ்ஸி பின்னால் உட்கார்ந்தார். மறுநாள் பாராசூட்டில் குதிக்க இடம் பார்க்க வேண்டும். பெல்ட் போட்டால் விளிம்புக்கு மேல் எட்டிப் பார்க்க முடியாது என்பதால் போடவில்லை. திடீரென்று விமானம் தலைகுப்புறப் பாய்ந்து புரண்டது. பெஸ்ஸி வெளியே விழுந்து உயிரிழந்தார். வயது 34. விமானம் தரையில் மோதி வில்ஸும் இறந்தார். கட்டுப்பாட்டுக் கருவிகளுக்குள் ஒரு ஸ்பேனர் சிக்கியிருந்தது பிறகுதான் தெரிந்தது.

● வெள்ளையர் நடத்திய பத்திரிகைகள் பலவும் செய்தியில் முக்கியத்துவம் கொடுத்தது வில்ஸுக்கு. அவர் பெஸ்ஸிக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தார் என்றுகூட எழுதின! சிகாகோ இறுதிச் சடங்கில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். தலைமை தாங்கியவர் சமூகப் போராளி ஐடா பி. வெல்ஸ்.

● 1929-ல் வில்லியம் பவல் என்பவர் லாஸ் ஏஞ்சலஸில் ‘பெஸ்ஸி கோல்மன் ஏரோ கிளப்’ தொடங்கிக் கறுப்பின இளைஞர்களுக்கு விமானக் கலையைக் கற்றுத்தந்தார். 1930-களில் சிகாகோவின் கறுப்பின விமானிகள் ஆண்டுதோறும் பெஸ்ஸியின் கல்லறைக்கு மேலாகப் பறந்து மலர் தூவும் வழக்கத்தைத் தொடங்கினார்கள்.

● 1992-ல் விண்வெளிக்குச் சென்ற முதல் கறுப்பினப் பெண் மே ஜெமிசன் தன்னுடன் எடுத்துச் சென்ற பொருள்களில் பெஸ்ஸியின் படமும் ஒன்று. 1995-ல் அமெரிக்கா பெஸ்ஸிக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. 2023-ல் 25 சென்ட் நாணயத்திலும் அவர் உருவம் வந்தது.

அடுத்த முறை வினாடி-வினாவில் ‘ஆரம்பகாலப் பெண் விமானிகள் யார் யார்?’ என்று கேட்டால், அமேலியா ஏர்ஹார்ட்டோடு நிறுத்திவிடாதீர்கள். சேர்த்துக்கொள்ள மறுத்த நாட்டைத் தாண்டிப் போய்ப் படித்துவிட்டு, அதே நாட்டுக்குத் திரும்பி வந்து பறந்து காட்டிய பெஸ்ஸி கோல்மன் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.